ஜனவரி பிறந்தால் கால் முளைக்கும்!

சத்தம் போடாமல் உள்ளே வாங்க. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுக்கு வந்து குவிந்த பில்கள்தான் இங்கே திரும்பிய பக்கமெல்லாம். ஆராய்ச்சியாளர் கைக்கு வரும்போது பெயர் இருக்காது, முகம் இருக்காது. வரிவரியாகக் குறியீடுகள் மட்டும். இதை வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். "படியேறச் சிரமமா?" என்று கேட்கலாமே என்றால், பில்லில் அப்படி ஒரு கட்டமே கிடையாது!

முதல் துப்பு சுலபம். மெடிகேர் பொதுவாக 65 வயது ஆனவர்களுக்கு. 65 வயதுக்கு முன்பே ஒருவர் மெடிகேரில் இருக்கிறாரா? பெரும்பாலும் வேலை செய்ய இயலாமல் அரசு உதவித்தொகை வாங்கி, 24 மாதம் காத்திருந்து சேர்ந்தவர். 65-க்குப் பிறகு முடங்கியவர்களிடம் இந்தத் துப்பு பலிக்காது.

அடுத்து நோய்க் குறியீடுகள். ஜி80 என்றால் பெருமூளை வாதம். இசட்89.511 என்றால் வலது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒரு தடவை தட்டுப்பட்டதும் நம்பிவிடக் கூடாது. சந்தேகத்தில் டெஸ்டுக்கு எழுதியதாகவும் இருக்கலாம். அதனால் பல நோய்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பில் என்றால் ஒன்றே போதும், வெளிநோயாளி பில் என்றால் வெவ்வேறு நாளில் இரண்டு வேண்டும்.

கூத்து இனிமேல்தான்! போன வருஷம் ஒருவர் பில்லில் இசட்89.511 இருந்தது. இந்த வருஷம் சளிக்கும் சர்க்கரைக்கும் பார்த்த டாக்டர் அதை எழுதாமல் விட்டுவிட்டார். வருஷக் கணக்கில் பார்த்தால், ஜனவரி முதல் தேதி கால் முளைத்துவிட்டது! பில் போடுகிறவர்கள் மத்தியில் இது பழைய ஜோக்.

சக்கர நாற்காலி கதை இன்னும் ஜோர். பில்லில் கே0001 என்றால் சாதாரண நாற்காலி, மாத வாடகை. 13 மாதம் தொடர்ந்து வாடகை கட்டியதும் நாற்காலி நோயாளிக்கே சொந்தம், பில் நின்றுவிடும். கம்ப்யூட்டர் கண்ணுக்கு ஆள் எழுந்து நடந்தே போய்விட்டார்! அந்த நேரம் பார்த்து கே0739 என்று ஒரு வரி வந்தால் துள்ளிக் குதிக்கலாம். அது ரிப்பேர் கூலி, 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட். நாற்காலி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

அதனால்தான் கைதேர்ந்தவர்கள் ஒரு வருஷத்துப் பில்லோடு நிற்காமல் பழசையும் புரட்டுகிறார்கள். எவ்வளவு புரட்டினாலும் கைக்குச் சிக்காதவர்கள் உண்டு. காது மந்தமானவரை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக் கருவிக்கு, அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் பணம் தருவதில்லை. பணம் தராத இடத்தில் பில் ஏது? கம்ப்யூட்டரைக் கேட்டால், அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை!