வீடு தேடி வரும் முத்திரை

வர வேண்டியவர் நோட்டரி; போகக் கூடாதது காகிதம். தாம்பரம் வட்டாரத்து முதியோர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி.

சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பிள்ளைகள் அயல்நாட்டிலும் பெற்றோர் இங்குமாக இருக்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். விமானப் படையிலோ ரயில்வேயிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மனை விலை கைக்கு எட்டிய காலத்தில் வாங்கி வீடு கட்டியவர்கள். ஒரு காலத்தில் பீச் ரயிலைப் பிடிக்கத் தாம்பரம் நிலையத்து மேம்பாலத்தில் ஓடியவர்களுக்கு இன்று வாசல்படி இறங்குவதே பெரும்பாடு. வயது ஏறினாலும் காகித வேலை மட்டும் குறைவதில்லை. வங்கிக் கணக்கில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று. இறந்துபோன கணவர் பெயரில் இருக்கும் இபி இணைப்பு. காணாமல் போன பங்குச் சான்றிதழ். எங்கே போனாலும் கடைசியில் வந்து விழுவது ஒரே பதில்: ‘நோட்டரி பண்ணிக் கொண்டு வாங்க.’

இந்த இடத்தில்தான் ‘வீட்டுக்கே வந்து நோட்டரி’ என்ற விளம்பரம் செல்போனில் எட்டிப் பார்க்கிறது. நல்ல வசதிதான். ஆனால், இந்தப் பெயரில் நடப்பவை இரண்டு வேறு காரியங்கள். ஒன்றில், நோட்டரியே வீட்டுக்கு வருகிறார். இன்னொன்றில், ஒரு பையன் வந்து கையெழுத்திட்ட காகிதத்தை வாங்கிப்போய், மாலையில் சீல் குத்திக் கொண்டுவந்து தருகிறான். பணம் கொடுப்பவருக்கு இரண்டிலும் கிடைப்பது அதே சிவப்பு முத்திரைதான். சட்டத்தின் கண்ணில் முன்னது சான்று. பின்னது வெறும் மை.

கேன்டர்பரியிலிருந்து தாம்பரம் வரை

நோட்டரிக்கு இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரம் இங்கிலாந்தில், கேன்டர்பரி பேராயரின் கீழ் இயங்கிய ஒரு நீதிமன்றத்திடம் இருந்தது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் இந்திய அரசுக்கும் ஓரளவு நியமன அதிகாரம் தந்தது. விடுதலைக்குப் பிறகும் லண்டனைப் பார்த்துக்கொண்டிருப்பது பொருந்தாது என்றுதான் 1952இல் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1956இல் விதிகளோடு அது நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியே நோட்டரிகளை நியமிக்கின்றன. பொதுவாக 10 ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டுகள் போதும். தொழில் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்க வேண்டும்.

கையெழுத்தைச் சரிபார்ப்பது, சத்தியப் பிரமாணம் செய்துவைப்பது, நகலை அசலோடு ஒப்பிட்டு உறுதி சொல்வது, மொழிபெயர்ப்புக்குச் சான்று தருவது என்று சட்டம் அவருக்கு ஒதுக்கிய வேலைகள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி: ‘இந்த ஆளை நான் பார்த்தேன், என் முன்னால் இவர் கையெழுத்துப் போட்டார்.’ நோட்டரி முன்னிலையில் எழுதிக் கொடுத்து அவர் உறுதிசெய்த பவர் பத்திரத்தை உண்மை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். அந்த அனுமானம் முழுக்க ‘முன்னிலையில்’ என்பதன் மீதுதான் நிற்கிறது. பின்னாளில் பங்காளி ஒருவர், ‘அப்பா அன்றைக்கு நினைவோடு இல்லை, கையைப் பிடித்துக் கைநாட்டு வைத்தார்கள்’ என்று வழக்குப் போட்டால், நேரில் பார்த்த நோட்டரி கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியும். பார்க்காதவர் என்ன சொல்வார்?

ஆகவே, நடமாட முடியாதவரைத் தேடி நோட்டரி வருவது சலுகையோ குறுக்கு வழியோ அல்ல. நோட்டரி விதிகளிலேயே கட்டணப் பட்டியலோடு சேர்த்து, சாலை வழியிலோ ரயிலிலோ போய்வரக் கிலோமீட்டர் கணக்கில் பயணப்படி வாங்கலாம் என்று எழுதியிருக்கிறது. நோட்டரி நடப்பார் என்று சட்டம் எதிர்பார்க்கவே செய்கிறது.

எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது?

தென்புறநகரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு நோட்டரிக்கும் இன்ன பகுதி என்று குறித்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் எல்லாம் அதில் அடக்கம். வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் சென்னை மாவட்டம். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோதும் மாவட்டம் மாறவில்லை. பேச்சு வழக்கில் எல்லாமே சென்னை. முத்திரையில் அப்படி இல்லை. சென்னை மாவட்டத்துக்கு மட்டும் நியமிக்கப்பட்டவர் மேற்குத் தாம்பரத்து வீட்டில் உட்கார்ந்து சான்றளித்தால் எல்லை தாண்டிவிட்டார் என்ற கேள்வி எழும். சிலருக்கு மாநிலம் முழுவதுமே எல்லையாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சட்டப் படிப்பு வேண்டாம், சீலைப் பார்த்தால் போதும். நோட்டரி முத்திரை 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அதில் அவர் பெயர், பகுதி, பதிவு எண், நியமித்த அரசு ஆகியவை இருக்க வேண்டும் என்பது விதி. தமக்குக் குறித்த பகுதிக்குள் அவருக்கு ஓர் அலுவலகமும் பெயர்ப் பலகையும் இருக்க வேண்டும். கட்டணப் பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். செல்போன் எண் மட்டுமே முகவரியாக இருப்பவரிடம் இரண்டு முறை யோசியுங்கள்.

வீட்டுக்கு வரும் நோட்டரி செய்ய வேண்டியவை இவை. அசல் அடையாள அட்டையைப் பார்ப்பார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று முதியவரிடமே கேட்பார். பக்கத்தில் நிற்கும் மருமகனிடம் அல்ல. தம் கண் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். தம் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதிக்கொள்வார், ரசீது தருவார். முன்கூட்டியே போட்டு வைத்த கையெழுத்தை நீட்டினால் நல்ல நோட்டரி திரும்பப் போடச் சொல்வார். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் காசு கொடுப்பதே அந்தக் கண்டிப்புக்குத்தான்.

நோட்டரியே தேவையில்லாத இடங்கள்

கூப்பிடும் முன் ஒன்று விசாரியுங்கள்: உண்மையிலேயே வேண்டுமா? சான்றிதழ் நகல்களில் விண்ணப்பதாரரே கையெழுத்திட்டால் போதும் என்ற சுயசான்று முறையை 2014 முதல் மத்திய அரசு வலியுறுத்தி வருகிறது. பாஸ்போர்ட் விண்ணப்ப இணைப்புகளுக்கு நோட்டரி வேண்டாம், வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழி போதும் என்று 2016 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். ஓய்வூதியர் ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்வுச் சான்றை, செல்போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து விரல்ரேகை வைத்து முடித்துத் தருகிறார். உயிலுக்கு நோட்டரி கட்டாயமே இல்லை. எழுதியவரின் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும்தான் அதற்கு உயிர். சாட்சிகளில் ஒருவர் குடும்ப மருத்துவராக இருந்தால் பலம் கூடும்.

வீண் செலவைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை 2024இல் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய் ஆகிவிட்டது. தேவையற்ற அஃபிடவிட் ஒவ்வொன்றுக்கும் முத்திரைத்தாளே கையைக் கடிக்கும்.

நோட்டரி போதாத இடங்கள்

பெரிய இழப்புகள் நேர்வது இங்கேதான். வீடு, மனை சம்பந்தப்பட்ட பவர் பத்திரத்தை நோட்டரியிடம் முடித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவில் வசிப்பவர் எழுதித் தரும் பவரை வைத்துக் கிரயம் பதிய வேண்டுமானால், அந்தப் பவர் சார்பதிவாளர் முன் எழுதி உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அசையாச் சொத்துப் பவரைப் பதிவு செய்வதைத் தமிழ்நாடு 2012இல் கட்டாயமாக்கியது. பவரை மட்டும் வைத்துச் சொத்தைக் கைமாற்றும் பழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2011இல், சூரஜ் லேம்ப் வழக்கில், முற்றுப்புள்ளி வைத்தது. பவரால் உரிமை மாறாது, பதிவான கிரயப் பத்திரமே உரிமை தரும் என்பது தீர்ப்பின் சாரம். வாடகை ஒப்பந்தமும் அப்படியே: 2019இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், நோட்டரி சீல் அதற்கு ஈடாகாது. திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதிச் சான்றளிக்க நோட்டரிகளுக்கு அதிகாரமில்லை என்று மத்திய சட்ட அமைச்சகமும் 2024 அக்டோபரில் நினைவூட்டியது.

‘அப்படியானால் படுக்கையில் இருப்பவரை ரிஜிஸ்டர் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போவதா?’ வேண்டாம். பலருக்குத் தெரியாத வழி ஒன்று அதே பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. உடல்நலக் குறைவால் வர முடியாதவருக்கு நேரில் வருவதிலிருந்து விலக்கு உண்டு. தகுந்த காரணம் காட்டினால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரித்துக் கையெழுத்தும் ரேகையும் பெறலாம். மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து, உரிய கட்டணம் கட்ட வேண்டும். உயிலைப் பதிய விரும்பும் முதியவருக்கும், மகளுக்குத் தானசெட்டில்மென்ட் எழுத நினைக்கும் அம்மாவுக்கும் உதவுவது இந்த வழிதான்.

கடல் தாண்டிய காகிதம்

பிள்ளை அமெரிக்காவில் இருந்துகொண்டு தாம்பரத்து ஃபிளாட்டை விற்க அப்பாவுக்குப் பவர் தர வேண்டுமா? அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ, அங்குள்ள நோட்டரி முன்போ கையெழுத்திடலாம். நோட்டரி என்றால், அவர் முத்திரையை உறுதிசெய்து அங்குள்ள அரசு தரும் ‘அப்போஸ்டில்’ என்ற சான்றையும் வாங்கிவிடுவது நல்லது. காகிதம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். எதிர்த்திசையில், இங்கிருக்கும் பெற்றோரின் கையெழுத்து அமெரிக்க வங்கிக்கோ சொத்துக்கோ வேண்டுமென்றால், எந்த நோட்டரியை ஏற்பார்கள் என்று முதலில் எழுதிக் கேளுங்கள். அமெரிக்க நோட்டரிதான் வேண்டும் என்றால், அண்ணா சாலையிலுள்ள துணைத் தூதரகத்தில் ஒரு முத்திரைக்கு 50 டாலர். அமெரிக்காவில் வீடியோவில் பார்த்தே நோட்டரி செய்யும் முறையை 2012இலேயே தொடங்கியது வர்ஜீனியா மாநிலம். நம் நோட்டரி விதிகளில் அதற்கான ஏற்பாடு கிடையாது. வாட்ஸ்அப்பில் முகம் காட்டினால் போதும் என்று இங்கே யாராவது சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.

யாரை நம்பிக் கூப்பிடுவது?

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் வழியாக ஆள் பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நோட்டரிகளும் வழக்கறிஞர்களே. ஆக, ‘வீட்டுக்கே நோட்டரி’ என்று பளிச்சென்று விளம்பரம் செய்பவர் பெரும்பாலும் நோட்டரி அல்ல, நடுவில் நிற்கும் தரகர். விதிக்கு அடங்கி விளம்பரம் செய்யாத நோட்டரியோ, தேவைப்படுகிற முதியவரின் கண்ணில் படுவதே இல்லை. தரகர் பிழைப்பது இந்த இடைவெளியில்.

அடைக்கக்கூடிய இடைவெளிதான் இது. மாநில அரசு நியமிக்கக்கூடிய நோட்டரிகளின் உச்ச எண்ணிக்கையை 2025 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு 2,500இலிருந்து 3,500 ஆக உயர்த்தினார்கள். நோட்டரி விவரங்களுக்கென மத்திய அரசு 2024இல் ஒரு தளமும் தொடங்கியிருக்கிறது. மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் அந்தந்தப் பகுதி நோட்டரிகளின் பெயர், எல்லை, சட்டக் கட்டணம், பயணப்படி, வீட்டுக்கு வருவாரா என்ற விவரம் ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதி மாட்டலாம். அது விளம்பரம் ஆகாது, அரசு தரும் தகவல். அதுவரை, கூப்பிடும்போது கேட்க வேண்டியவை மூன்றுதான்: உங்கள் எல்லைக்குள் என் வீடு வருமா? நீங்களே நேரில் வருவீர்களா? ரசீது தருவீர்களா? மூன்றுக்கும் தயங்காமல் ‘ஆமாம்’ சொல்பவருக்கு, பயணப்படி சற்றுக் கூடினாலும், தாராளமாகக் கொடுக்கலாம்.