இரவே உரித்து வைத்த சின்ன வெங்காயம்

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. தமிழகத்தில் இது அதிகம் விளையும் மாவட்டங்களில் முன்வரிசையில் நிற்கும் ஊர். செட்டிகுளம் பக்கம் போனால் அறுவடையான காயைச் சேமிக்கும் பட்டறைகளைப் பார்க்கலாம். ஆனால் காலை ஐந்து மணிக்கு அதே வெங்காயம்தான் பெரிய தொல்லை. உரிக்க நேரம் ஏது?

எறையூர் சிப்காட்டுக்கும் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கும் காலை ஷிஃப்ட் கிளம்புபவர்கள், திருச்சிக்குத் தினமும் பஸ் ஏறுபவர்கள் எல்லோருக்கும் அடுப்படியில் கிடைப்பது முக்கால் மணி நேரம்தான். அதில் பாதியை உரிப்பதே தின்றுவிட்டால், கடைசியில் காலைச் சாப்பாடு டீயோடு முடியும். மதியத்துக்கு ஓட்டல் பார்சல்.

வழி இரவில் இருக்கிறது. அரைக் கிலோ வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, தலையும் வாலும் நறுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். கண்ணும் அவ்வளவாக எரியாது. ஈரம் போகத் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்குக் கவலையில்லை. டிவி முன்னால் நாலு பேரும் உட்கார்ந்தால் ஒரு சீரியல் முடிவதற்குள் வேலை முடியும். வேலைக்குப் போகிற பெண்ணே இதையும் தனியாகச் செய்ய வேண்டும் என்றால் இந்த யோசனையால் பயனே இல்லை.

உரித்ததில் பாதி, ஞாயிறு மாலை புளிக்குழம்புக்குப் போகட்டும். நாலு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, அரை டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பத்துப் பல் பூண்டும் கால் கிலோ வெங்காயமும் முழுசாகப் போட்டு, கண்ணாடி போல ஆகும்வரை வதக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் குழம்பில் பச்சை வாடை நின்றுவிடும். பிறகு எலுமிச்சை அளவு புளிக்கரைசல், மூன்று டீஸ்பூன் குழம்புத்தூள், உப்பு. எண்ணெய் மேலே மிதந்ததும் சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டு இறக்கிவிடலாம். ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் செவ்வாய் வரை தாங்கும்.

குழம்பு மட்டும் போதாது, பருப்பும் காயும் வேண்டும். காலையில் குக்கரின் கீழ்ப் பாத்திரத்தில் அரிசி, மேல் பாத்திரத்தில் பாசிப்பருப்பும் நறுக்கிய சுரைக்காயும். நாலு விசில். கடுகு, சீரகம் தாளித்துக் கொட்டினால் கூட்டு.

அரிசிக்குப் பதில் இந்த வட்டாரத்து மானாவாரி நிலத்தின் பழைய தானியமான வரகும் ஆகும். ஒரு கப் வரகு, கால் கப் பாசிப்பருப்பு, நாலு கப் தண்ணீர். குளித்துவிட்டு வரும்வரை ஊறினால் போதும். மூன்று விசிலில் பொங்கல். மிளகு, சீரகம், இஞ்சியோடு ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியையும் நெய்யில் வறுத்துப் போடலாம். உடைந்த முந்திரியே போதும், விலையும் குறைவு. வரகு வாங்கும்போது ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேண்டாம், அது உடம்புக்கு ஆகாது.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலிலும் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார்தான். விடிந்ததும் சீக்கிரம் சமைத்தாக வேண்டியவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள் போலிருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்குள் பிள்ளைகள் அங்கே படிக்கும் வீட்டில், காலை அடுப்புக்கு ஒரு வேலை குறைந்திருக்கிறது.

வெங்காய விலை எகிறும் மாதங்களில் சாம்பாருக்குப் பெரிய வெங்காயம் போட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். புளிக்குழம்புக்கு மட்டும் அது சரிப்படாது. கரைந்து, இனிப்புத் தட்டிவிடும். அந்த வாரம் கத்திரிக்காயைப் போட்டுக்கொள்ளலாம்.