கை அறுவைச் சிகிச்சையும் வலியற்ற இரவும்

கையில் அறுவைச் சிகிச்சை செய்வதற்கு நோயாளியை முழுவதும் மயக்கவேண்டும் என்பதில்லை. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்திலிருந்து வெளிப்படும் நரம்புகள் பின்னலாகக் கூடி, காறையெலும்பின் கீழும் அக்குள் வழியாகவும் சென்று, விரல்நுனி வரை பரவுகின்றன. இப்பின்னலைச் சுற்றி உணர்ச்சி நீக்கும் மருந்தை ஊசி மூலம் செலுத்தினால் கை மட்டும் மரத்துவிடும். 1884-ஆம் ஆண்டில் கார்ல் கோலர் என்பார் கண் சிகிச்சையில் கொக்கெயினின் இவ்வாற்றலைக் காட்டினார். தோலைக் கீறாமல் ஊசியினாலேயே கை நரம்புப் பின்னலை மரக்கச் செய்யும் முறைகள் 1911-இல் ஜெர்மனியில் வகுக்கப்பட்டன.

இன்று வழங்கும் லிக்னொகெயின் சில மணி நேரமும், பூபிவக்கெயின் அதனினும் நீண்ட நேரமும் பயன் தருகின்றன. எனினும் பகலில் அறுவை முடிந்தவருக்கு இரவில் மருந்தின் வலிமை குன்றி, கடும் வலி திடீரெனத் தோன்றுவதுண்டு. இக்குறையைப் போக்கவே டெக்ஸாமெத்தஸோன் என்னும் ஸ்டீராய்டு சிறிதளவு, பெரும்பாலும் 4 முதல் 8 மில்லிகிராம் வரை, சேர்க்கப்படுகிறது. அழற்சியைத் தணிப்பது இதன் இயல்பு. வலியுணர்த்தும் நுண்ணிய நரம்பிழைகளின் செயலையும் இது அடக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இதனால் மரப்பு சராசரியாக ஆறு மணி நேரத்துக்கு மேல் நீளுகிறது. நரம்பினருகே செலுத்தாமல் சிரை வழியாகச் செலுத்தினும் பெருமளவு இப்பயன் கிட்டுகிறது. இரண்டையும் நேராக ஒப்பிட்டபோது நரம்பினருகே செலுத்தியது மேலும் சில மணி நேரம் நீடித்தது. எம்முறை தக்கது என்பதை மயக்கவியல் மருத்துவரே முடிவு செய்வார். நீரிழிவுடையோருக்கு இரத்தச் சர்க்கரை உயரக்கூடுமாதலால் அதைக் கவனித்து வரவேண்டும்.

வீடு திரும்பும் நோயாளிக்குக் களப்பணியாளர் சொல்லவேண்டியவை சில உண்டு. மரத்த கை சூட்டையும் கூரிய பொருளையும் அறியாது. ஆகவே அதனை ஏணையில் தாங்கி, அடுப்புக்கும் வெந்நீருக்கும் அப்பால் வைக்கவேண்டும். மருத்துவர் எழுதிய வலி மாத்திரையை மரப்பு முற்றும் நீங்குமுன்பே உட்கொள்ளவேண்டும். மாவுக்கட்டு இறுகினால் வலி எச்சரிக்காமற் போகலாம். எனவே விரல்களின் நிறமும் வீக்கமும் அடிக்கடி பார்க்கப்படவேண்டும். விரல்கள் நீலம் பாரித்தாலும், கட்டு இறுகினாலும், மருத்துவர் குறித்த காலத்துக்குப் பின்னும் மரப்பு நீங்காவிடினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வலி இல்லாத வேளையில் கையைக் காக்கும் பொறுப்பு கண்ணுக்கே உரியது.