எதிர்க்காற்றில் ஆறு பேர்

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அல்ப்ஸ் மலையைக் கடந்து ஒஸ்திரியாவில் இருந்து இத்தாலிக்குள் இறங்கும் பிரென்னர் கணவாயின் உயரம் 1,370 மீற்றர்தான். வெல்லவாயவில் இருந்து எல்ல வரைக்கும் ஒருதரம் சைக்கிள் மிதித்து ஏறிய அக்கரைப்பற்றுப் பொடியனுக்கு ஐரோப்பாவின் மலையை நினைத்துப் பயப்படப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

இருந்தும், "நாங்க ஆறு பேர் சேர்ந்து ஐரோப்பாவைச் சைக்கிள்ல சுத்தப் போறம்" என்று வீட்டில் ஒருவன் வாய் திறந்தால் வாப்பா கேட்கும் முதல் கேள்வி, "கால் தாங்குமா மகன்?" என்பதுதான். அடுத்த கேள்வி விசாவைப் பற்றியது. "ஆரோட போற?" என்பது கடைசியில் வரும், சில வீடுகளில் வராமலே போகும். நீண்ட சைக்கிள் பயணங்களின் கதைகளைப் படித்துப் பார்த்தால், முதலில் கேட்டிருக்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று தெரிகிறது.

1923 ஒக்டோபர் 15ஆம் திகதி பம்பாயில் இருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அடி ஹக்கிம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா, குஸ்தாத் ஹாத்திராம், கேக்கி போச்கானாவாலா, நரிமான் கபாடியா. பாரம் தூக்கும் கழகம் ஒன்றில் உடம்பை வளர்த்தவர்கள் என்பதால் கால் தாங்குமா என்ற கேள்விக்கே அங்கு இடம் இருக்கவில்லை. பலுசிஸ்தான், ஈரான் வழியாகப் பக்தாத் போய், அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து அலெப்போவுக்கு வந்து, கப்பல் ஏறி இத்தாலியில் இறங்கினார்கள். பனி மூடிய அல்ப்ஸையும் மிதித்துக் கடந்து பிரித்தானியா வரை போனார்கள்.

ஆனால் ஐரோப்பாவை அடைவதற்கு முன்பே ஆறு ஐந்தாகிவிட்டது. கபாடியா சொந்தக் காரணங்களுக்காகத் தெஹ்ரானில் இருந்து ஊர் திரும்பினார். அமெரிக்காவை அடைந்ததும் ஹாத்திராம் அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். அவர் பிரிந்ததில் மனம் உடைந்த போச்கானாவாலாவும் பம்பாய்க்குத் திரும்பினார். 1928 மார்ச்சில், ஏறத்தாழ 71,000 கிலோமீற்றர் ஓடி முடித்து ஊர் சேர்ந்தவர்கள் மூன்று பேர். பாலைவனமும் பனியும் மறிக்காத பயணத்தை ஒருவர் பிரிந்த துயரம் மறித்திருக்கிறது. போச்கானாவாலாவை இதற்காக யாரும் குறை சொல்ல முடியாது. கூட்டாகப் போவதில் இது எப்போதும் உள்ள ஆபத்து.

அப்படியானால் தனியே போகலாமே என்று கேட்கலாம். கச்சான் காலத்தில் நிந்தவூர் வெளியில் சைக்கிள் மிதித்தவரிடம் அதற்குப் பதில் இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கும்போது, முன்னால் போகும் ஒருவரின் பின்சில்லை ஒட்டியபடி ஓடினால் மிதிப்பது பாதி இலேசாகிவிட்டதுபோல் இருக்கும். சமதரையில் சைக்கிள்காரர் செலவழிக்கும் சக்தியில் பெரும் பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. பின்னால் ஒதுங்கி வருபவருக்கு அதில் கால்வாசிக்கும் மேலே மிச்சம். ஆறு பேர் வரிசையாக ஓடி, சில நிமிடத்துக்கு ஒருதரம் முன்னால் இருப்பவர் விலகிக் கடைசிக்குப் போனால், ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு நேரம்தான் காற்றோடு சண்டை.

மேற்கு ஐரோப்பாவில் காற்று பெரும்பாலும் மேற்கில் இருந்து வீசுவது. அதனால்தான் டான்யூப் ஆற்றோரம் ஓடுபவர்கள் மேற்கே தொடங்கிக் கிழக்கே போகிறார்கள். ஆற்றின் ஓட்டமும் அதே திசைதான், ஆகவே இறக்கமும் அவர்கள் பக்கம். பிரான்சின் அத்திலாந்திக் கரையில் தொடங்கி ருமேனியாவின் கருங்கடல் கரை வரை செல்லும் யூரோவெலோ 6 என்ற சைக்கிள் பாதை 4,000 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. அதில் முதல்தரம் போகிறவர்களுக்கு ஏற்ற துண்டு, ஜேர்மனியின் பஸ்ஸாவில் இருந்து வியன்னா வரையான 300 கிலோமீற்றர் சொச்சம். வியன்னாவில் கால் இன்னும் கேட்டால் புடாபெஸ்ட் வரை நீட்டலாம். முழுக் கண்டத்தையும் ஒரே மூச்சில் கடந்தால்தான் பயணம் என்று ஒரு சட்டமும் இல்லை.

நம் வாசகர்களுக்குக் கிட்டிய உதாரணம் 2017இல் நடந்தது. பிரித்தானிய முஸ்லிம்கள் எட்டுப் பேர் ஜூலை மாதம் லண்டனில் இருந்து ஹஜ்ஜுக்குச் சைக்கிளில் புறப்பட்டார்கள். பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, இத்தாலி, கிரேக்கம் என்று ஐரோப்பாவைக் கடந்து, எகிப்துக்குக் கப்பல் ஏறி, பின்னர் செங்கடலையும் தாண்டி, ஏறத்தாழ ஆறு கிழமையில் மதீனாவை அடைந்தார்கள். வழியெல்லாம் சிரியாவின் மருத்துவ உதவிக்கு நிதி சேர்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வசதி இருந்தது. ஹஜ்ஜின் நாள் யாருக்காகவும் பிந்தாது. முடிவுத் திகதி இப்படி நிச்சயமாக இருந்தால், இன்னும் ஒரு நாள் இங்கே தங்கலாமே என்ற வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

இதே ஒழுங்கை ஒரு தமிழ்க் கூட்டத்திடமும் காணலாம். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை கூடும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், ஐரோப்பாவில் வாழும் ஈழத் தமிழர்கள் வருடாவருடம் ஈருருளிப் பயணம் என்ற பெயரில் அங்கே சைக்கிளில் போகிறார்கள். பெல்ஜியம், லக்சம்பேர்க், பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க், சுவிற்சர்லாந்து என்று வழி நீளும். இடையிடையே நகர முதல்வர்களைச் சந்தித்து மனுக் கொடுப்பார்கள். அதன் அரசியல் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். வெறும் சைக்கிள்காரனின் கண்ணால் பார்த்தால், அந்த மாதங்களின் குளிரில் விரல் விறைக்க விறைக்க நாள் தவறாமல் ஓடுவது சின்ன வேலை இல்லை. அவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள், விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்கரைப்பற்றில் இருந்து போகிறவர் அந்த வரிசையில் நின்றே ஆக வேண்டும். இராப் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகுமுன் சில கணக்குகளை முடித்துக்கொள்வது நல்லது. செங்கன் விசா இப்போது 29 நாடுகளுக்குச் செல்லும். எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. வளர்ந்தவருக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எங்கே படுப்பீர்கள் என்ற கேள்விக்கு, "கூடாரம் கொண்டு போறம், இருட்டுற இடத்தில படுப்பம்" என்று பதில் எழுத முடியாது. தங்கும் இடங்களை ஊர் ஊராக, திகதியோடு காட்ட வேண்டும். கூடாரத் திடல்களிலும் முற்பதிவு உண்டு, அதையே ஆதாரமாக வைக்கலாம்.

டான்யூப் வழியில் ஒரு பொறியும் இருக்கிறது. ஹங்கேரியையும் குரோவேசியாவையும் தாண்டினால் வரும் சேர்பியா செங்கனுக்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு சேர்பியாவுக்குள் போய்விட்டால், அந்தப் பக்கம் ருமேனியாவுக்குள் மீண்டும் நுழைய வழி இல்லை. கருங்கடல் வரை போகும் எண்ணம் இருந்தால் பலமுறை நுழையும் விசாவைத்தான் கேட்க வேண்டும். பிரித்தானியாவுக்கு விசா தனி.

ஆறு பேரும் விண்ணப்பித்து நான்கு பேருக்கு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது? விமான ரிக்கெற்றுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.

சைக்கிள் விஷயத்தில் நம் பக்கத்துக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. நம் ஊரில் பாட்டனார் காலத்தில் இருந்து ஓடும் பெரிய சைக்கிளின் 28 x 1½ ரயர், நெதர்லாந்தின் பழைய பாணிச் சைக்கிள்களுக்கும் அதே அளவுதான். சின்ன ரப்பர்க் குழாயை மாட்டிக் காற்றடிக்கும் பழைய வால்வும் அங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்காக அந்தக் கனத்த இரும்பை விமானத்தில் ஏற்றச் சொல்லவில்லை. கியர் உள்ள, நாலு பை தொங்கவிடக்கூடிய சைக்கிள்தான் இந்தப் பயணத்துக்குத் தோது. ஆறு பேரும் ஒரே அளவு ரயர், ஒரே வகை வால்வு உள்ள சைக்கிளை எடுத்தால் உதிரி ரியூப்பும் பம்பும் எல்லோருக்கும் பொது. இந்தச் சின்ன விஷயம் மழையில் நனைந்தபடி ஒட்டுப்போடும்போதுதான் பெரிதாகத் தெரியும்.

விமானத்துக்காகப் பெட்டியில் அடைக்கும்போது சைக்கிள் கடையில் சும்மா நின்று பார்ப்பது போதாது, தானே ஒருதரம் கழற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும். கான்டிலைத் திருப்பி, முன்சில்லைக் கழற்றி, ரயரில் காற்றை இறக்கி, பெடல் இரண்டையும் எடுக்க வேண்டும். வலப்பக்கப் பெடல் மற்ற எந்த நட்டையும் போல இடஞ்சுழியாகக் கழறும். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்மாறு, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழறும். இதை அறியாதவர் முழுப் பலத்தையும் போட்டு அதை இன்னும் இறுக்கிவிடுவார்.

இறங்கிய முதல் நாள் காலைதான் ஆபத்தானது. இலங்கையில் இடப்பக்கம் ஓடிப் பழகியவர், அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். நேர்ப்பாதையில் தவறு நேராது, திரும்பும் சந்தியிலும் சுற்றுவட்டத்திலும்தான் கை பழைய பக்கமே போகும். முதல் இரண்டு நாளும் ஒருவர் பின் ஒருவராக, கதை பேச்சு இல்லாமல் ஓடுவது உத்தமம். ஜேர்மனியில் ஒரு வினோதமான சட்டம் உண்டு. 15 பேருக்கு மேற்பட்ட சைக்கிள்காரர்கள் ஒரே அணியாக, இருவர் இருவராக ஓடலாம். அந்த அணி முழுவதும் ஒரே வாகனமாகக் கணிக்கப்படும். முதல் ஆள் பச்சை விளக்கில் சந்தியைக் கடக்கத் தொடங்கிவிட்டால், நடுவில் சிவப்பு விழுந்தாலும் மீதிப் பேர் தொடர்ந்து போகலாம். ஆறு பேருக்கு இந்தச் சலுகை இல்லை.

வழி தவறுவதைக் குறைக்க பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒரு முறை வைத்திருக்கின்றன. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் ஒரு எண். 1995இல் பெல்ஜியத்தின் லிம்பேர்க் மாகாணத்தில் இதைத் தொடங்கிவைத்தவர் ஹியூகோ பொல்லன் என்ற சுரங்கப் பொறியியலாளர். காலையில் எண்களை ஒரு துண்டில் எழுதிக் கான்டிலில் ஒட்டிக்கொண்டால் அன்றைய பாதை கையில். பிந்தி வருபவர் எந்த எண்ணில் காத்திருக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் இல்லை.

ஜூன் மாதத்தில் போகிறவர்கள் பொழுதைக் கண்டு திகைப்பார்கள். அக்கரைப்பற்றில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஆறு, ஆறரை மணிக்கு மஃரிப். நெதர்லாந்தில் அப்போது சூரியன் மறைய இரவு பத்து மணியாகும், இஷா நள்ளிரவைத் தொடும். முஸாபிருக்குக் கஸ்ரும் ஜம்உம் இருப்பதால் நாலு ரக்அத் தொழுகை இரண்டாகும், இரண்டு வேளையைச் சேர்த்துத் தொழலாம். எந்த வேளைக்கு எங்கே நிறுத்துவது என்பதை வேகமாக ஓடுபவர் தனியே தீர்மானிக்கக் கூடாது. ஹலால் சாப்பாட்டுக்கு ஜேர்மனி நகரங்களில் துருக்கியர் கடைகள் கைகொடுக்கும். சின்னக் கிராமங்களில் பாண், முட்டை, பழம்தான்.

புறப்படுவதற்கு முன் ஆறு பேரும் ஒரு சனிக்கிழமை முழுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏ4 வீதியில் கல்முனை தாண்டிக் கல்லடிப் பாலம் வரை போகலாம். ஏறத்தாழ 65 கிலோமீற்றர், ஐரோப்பாவில் ஒரு நாளில் ஓடும் தூரமும் அவ்வளவுதான். இரவு மட்டக்களப்பில் தங்கி, மறுநாள் கச்சானுக்கு முகம் கொடுத்துத் திரும்ப வேண்டும். ஆடி மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. காற்றுக்கு முன்னால் போகத் தன் முறை வந்தும் பின்னாலேயே ஒதுங்குபவர் யார், பின்தங்கியவருக்காக நிற்பவர் யார், பசி வந்தால் கோபப்படுபவர் யார் என்பதெல்லாம் காரைதீவு வருவதற்குள் தெரிந்துவிடும். அன்று இரவே இருந்து இன்னொன்றையும் எழுதிக்கொள்ளலாம்: இடையில் ஒருவர் திரும்ப நேர்ந்தால் பொதுப் பணத்தில் அவருடைய பங்கை எப்படிக் கொடுப்பது, அவர் சுமந்த அடுப்பையும் கூடாரத்தையும் யார் பொறுப்பெடுப்பது, அவரோடு துணைக்கு விமான நிலையம் வரை யார் போவது.