முதலில் தண்ணீரை அளங்க, அப்புறம் பாத்தி போடுங்க

வீட்டுத் தோட்டம் போட்டவர்கள் பலர் சொல்லும் கதை ஒன்றுதான். தை மாதத்தில் கத்தரி, தக்காளி, கீரை எல்லாம் கொல்லை நிறைய நிற்கும். சித்திரை வந்ததும் பாதிச் செடி காய்ந்து போகும். வைகாசியில் மீதியும் போய்விடும். 'மண்ணு சரியில்ல', 'நமக்குக் கைராசி இல்ல' என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் குறை மண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. வீட்டில் இருக்கும் தண்ணீரைவிடத் தோட்டம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கொல்லைப்புறமோ, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடமோ வைத்திருப்பவர்கள், கோடையிலும் காய்ந்து போகாத ஒரு சிறிய தோட்டத்தை எப்படித் திட்டமிடலாம் என்று பார்ப்போம்.

நம்ம மாவட்டம் வறண்ட பூமியா?

கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி என்று ஊருக்கு ஊர் ஏரி இருக்கும் பகுதி இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அதில் பாதிக்கும் மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மூன்றே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவ்வப்போது மழை உண்டு. ஜனவரியிலிருந்து மே வரைதான் வானம் கைவிரிக்கும் காலம்.

நமக்கு இருப்பது மழைப் பற்றாக்குறை என்பதைவிட, மழை வரும் நேரத்துக்கும் செடி தண்ணீர் கேட்கும் நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அந்த ஐந்து மாதத்தைக் கடக்கத் தெரிந்தால் தோட்டம் நிலைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

கோடை வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள ஒரு பாத்திக்கு 20 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரைக் குடம்.

ஒரு சென்ட் நிலம் என்பது சுமார் 40 சதுர மீட்டர். நடைபாதை, வரப்பு போக அதில் பாதியில் செடி வைத்தால்கூட தினமும் 100 லிட்டர் ஆகும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப்புற வீடுகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அதில் 100 லிட்டரைக் கத்தரிக்காய்க்கு ஊற்ற முடியுமா? முடியாது, ஊற்றவும் கூடாது. குழாயில் வருவது குடிநீர்.

அதனால் தோட்டத்தின் அளவை இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கோடையில் வீட்டில் மிஞ்சும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு நாள் சிங்க் குழாய்க்கு அடியில் வாளி வைத்து, அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் எவ்வளவு சேருகிறது என்று அளந்து பாருங்கள். அந்த லிட்டரை 5ஆல் வகுத்தால் எத்தனை சதுர மீட்டர் பாத்தியைக் கோடையில் தாங்க முடியும் என்று தெரிந்துவிடும். 15 லிட்டர் என்றால் 3 சதுர மீட்டர். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால் அந்த 3 சதுர மீட்டர் வைகாசியிலும் பச்சையாக இருக்கும்.

எந்தத் தண்ணீர் எந்தச் செடிக்கு?

*சமையலறைத் தண்ணீர்:* அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை நேரடியாகக் கீரைக்கும் காய்கறிச் செடிக்கும் ஊற்றலாம். உப்பு போட்டு வேகவைத்த தண்ணீர் வேண்டாம்.

*குளித்த, துணி துவைத்த தண்ணீர்:* குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வாழை வைப்பது நம்ம ஊர்ப் பழக்கம். அதையே தொடரலாம். வாழை, தென்னை போன்றவற்றின் வேர்ப் பகுதிக்கு இந்தத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். கூழாங்கல், மணல் போட்ட ஒரு சிறு குழி வழியாக அனுப்பி, அதன் ஓரத்தில் கல்வாழை வைத்தால் இன்னும் நல்லது. சோப்புத் தண்ணீரைக் கீரை மேல் ஊற்றக் கூடாது.

*ஆர்.ஓ. கழிவுநீர்:* இதில் உப்பு கூடுதலாக இருக்கும். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் செடி கருகும். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீரில் அநேகமாக உப்பே இருக்காது. அதைத் தாராளமாகச் செடிக்கு விடலாம்.

*கூரை மழைநீர்:* ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 500 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். அதில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சேதாரம் போனாலும் 700 லிட்டருக்குக் குறையாது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வீட்டுக் குழாய் அடைத்துக் கிடக்கிறதா என்று செப்டம்பருக்குள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சேமிக்கும் டிரம், தொட்டி எதுவானாலும் இறுக்கமாக மூட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

செம்மண்ணா, கடற்கரை மணலா?

செங்கல்பட்டு நகரம், காட்டாங்கொளத்தூர் பக்கம் பல இடங்களில் செம்மண். மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் என்று கடற்கரை ஓரம் போனால் மணல். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிவராது.

செம்மண்ணில் கோடைக்கு மேட்டுப்பாத்தி வேண்டாம். தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் ஆழம் குறைவாக உள்ள பள்ளப்பாத்தி போடுங்கள். ஊற்றும் தண்ணீர் ஓடாது, காற்றும் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சாது.

மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அதனால் குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்குங்கள். அதன் மேல் மட்கிய சாணம், தென்னை நார்க்கழிவு, மண் கலந்து நிரப்புங்கள். மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏரி வண்டல் சேர்த்தால் மணல் இன்னும் நன்றாகத் தேறும். ஆனால் ஏரியில் போய் யாரும் தன்னிஷ்டத்துக்கு மண் அள்ள முடியாது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும். அதற்கு இ-சேவை இணையதளம் வழியாக விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல் உப்பு. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட லேசானது. அதனால் அடியில் உள்ள உப்புநீரின் மேல் அது தங்கி நிற்கும். கோடையில் போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் நல்ல தண்ணீர் குறைந்து உப்புநீர் மேலே வரும். இலை நுனி கருகுவது, மண் மேல் வெள்ளையாகப் படிவது இதன் அடையாளம். இப்படி இருந்தால்:

• போர் தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் வேரில் மட்டும் விடுங்கள்.
• மண்ணை வெறுமனே விடாமல் காய்ந்த இலை, வைக்கோல், தென்னை ஓலை போட்டு மூடாக்கு இடுங்கள். மண் காய்வது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும்.
• சின்ன வெங்காயம், பீன்ஸ், முள்ளங்கி போன்ற உப்பைத் தாங்காத பயிர்களைத் தவிர்த்து, காராமணி, தண்டுக்கீரை, முருங்கை, தென்னை என்று போங்கள்.
• போர் தண்ணீரையும் மண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். எங்கே கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

எந்த மாதம் என்ன செய்யலாம்?

*ஆடி, ஆவணி:* 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை, அவரை விதைக்கலாம். கத்தரி, மிளகாய்க்கு நாற்று விடலாம்.

*புரட்டாசி:* மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள். முருங்கையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிடுங்கள். முருங்கைக் கிளை சட்டென்று முறியும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அதுபோன்ற காற்றில் உயரமான மரம் வீட்டு மேலேயோ மின்கம்பி மேலேயோ விழக் கூடும். வெட்டிய மரம் மீண்டும் தழைத்து வரும்.

*ஐப்பசி முதல் மார்கழி வரை:* இப்போது பிரச்சினை தலைகீழ். பள்ளப்பாத்தியில் தண்ணீர் நின்று வேர் அழுகும். வரப்பை வெட்டி வடிகால் விடுங்கள். அடைமழையில் கீரை விதைத்தால் விதை அடித்துப் போகும். மழை விட்ட நாட்களில் எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலைக் கன்றுகளை நடலாம்.

*தை, மாசி:* மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் கொல்லாது. தக்காளி, கத்தரி, மிளகாய், கீரை எல்லாவற்றுக்கும் நல்ல காலம். பங்குனி முடிவதற்குள் முக்கியமான அறுவடையை எடுத்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்து நடுங்கள்.

*பங்குனி முதல் வைகாசி வரை:* தோட்டத்தைச் சுருக்கும் காலம். காய்ப்பு முடிந்த தக்காளி, வெண்டைச் செடிகளுக்கு 'இன்னும் ரெண்டு காய் வருமே' என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பிடுங்கி மூடாக்கில் போடுங்கள். பூச்சி, நோய் தாக்கிய செடியை மட்டும் தனியே அப்புறப்படுத்துங்கள். நீங்கள் கணக்குப் போட்ட அந்த ஒரு பாத்தி மட்டும் நிழல்வலைக்குக் கீழே இருக்கட்டும். மற்ற இடம் முழுக்க மூடாக்கோடு ஓய்வெடுக்கட்டும்.

கோடையில் எதை வைத்துக்கொள்வது?

பெரியவர் ஒருவர் தினமும் 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும், அதில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நாலு பெரியவர்கள் என்றால் நாளுக்கு 1,600 கிராம். ஒரு சென்ட் தோட்டம் கோடையில் இதைத் தராது. ஆனால் கீரைப் பங்கில் கணிசமானதைத் தர முடியும். அதனால் கோடைத் தோட்டத்தின் இலக்கு கீரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம் முருங்கைக்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் விதையிலிருந்தே வளரும், ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். வேர் பிடித்துவிட்டால் தினசரித் தண்ணீர் கேட்காது. அடுத்து கறிவேப்பிலை, சுண்டைக்காய், பிரண்டை. இந்த நாலும் வேலி ஓரமாக இருந்தாலே கோடையில் சமையலறைக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டிருக்கும். பாத்தியில் தண்டுக்கீரை விதைத்தால் 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். பத்து நாள் இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும்.

பாகல், சுரை போன்ற கொடிகளுக்கு மண்பானை முறை நல்லது. வண்ணம் பூசாத 5 லிட்டர் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றி மூன்று நாலு விதை போடுங்கள். பானையில் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால், அது கசிந்து வேருக்கு மட்டும் போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும்.

எந்த முறையானாலும், காலை வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் விட்டுவிடுங்கள். மத்தியானம் இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்க வேண்டாம். மாலையில் தானாக நிமிர்ந்தால் செடிக்குத் தாகம் இல்லை என்று அர்த்தம். மண்ணில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் தெரியும்.

போனில் செய்ய வேண்டியது

2018 முதல் பயன்பாட்டில் உள்ள 'உழவன்' செயலி பெரிய விவசாயிகளுக்கு மட்டும் உரியது அல்ல. 2025 ஜூலையில் தொடங்கப்பட்ட ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில், வீட்டுத் தோட்டத்துக்கான காய்கறி விதைத் தொகுப்பு, பழச்செடித் தொகுப்பு, பயறு விதைத் தொகுப்பு ஆகியவை முழு மானியத்தில் அறிவிக்கப்பட்டன. விதைத் தொகுப்பில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என ஆறு வகை. பழச்செடியில் பப்பாளி, கொய்யா, எலுமிச்சை. உங்கள் வட்டாரத்தில் இப்போது இருப்பு உள்ளதா என்பதை உழவன் செயலியிலோ, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ கேட்டுப் பதிவு செய்யலாம். கைபேசியும் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

செடியில் பூச்சியோ நோயோ வந்தால் 1800 180 1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே பேசலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் நம்ம மாவட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. பயிற்சிகள் எப்போது என்று அங்கே விசாரியுங்கள்.

விதை வாங்குவது சுலபம், பல நேரம் இலவசமாகவே கிடைக்கிறது. தண்ணீர் அப்படி இல்லை. அதனால் பதிவு செய்வதற்கு முன் அந்த ஒரு வாளியை சிங்க் அடியில் வைத்துவிடுங்கள். எத்தனை பாக்கெட் விதை வேண்டும் என்பதை நாளைக்கு அதுவே சொல்லும்.