கையில் சான்றிதழ், கரையில் வேலை
அந்தமான் இளைஞர்களுக்கு எந்தத் தொழில் கைகொடுக்கும்?

பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டான். சான்றிதழும் வந்துவிட்டது. ஆனால் வேலை எங்கே? சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து அந்தமானில் காலூன்றிய தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி இது. அதே ஊரில் படகு பழுது பார்க்கவும், ஜெனரேட்டரைச் சரிசெய்யவும் "கை தேர்ந்த ஆள் கிடைக்கவில்லையே" என்று முதலாளிகள் குறைப்படுவதும் உண்டு. இவ்விரு குறைகளும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களே.

மரம் தந்த பிழைப்பு

ஒரு காலத்தில் இத்தீவுகளில் தொழில் என்றால் மரம், உத்தியோகம் என்றால் சர்க்கார். சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கப்பட்டது. மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று கைவேலையைக் கற்பதே அக்கால வழக்கம். 1977இல் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டமும் அதன் பொறுப்பில் இருந்தது.

அந்த நிலைமை மாறிவிட்டது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. கழகத்தை மூடிவிட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சர்க்கார் வேலையை மட்டும் நம்பி எல்லா இளைஞர்களும் காத்திருக்க முடியாது.

புதிய வேலைகள்

ஆனால் வேலையே இல்லாமற் போய்விடவில்லை. அதன் உருவம்தான் மாறியிருக்கிறது. தீவுக்குத் தீவு செல்லும் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் மெக்கானிக் தேவை. மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்தே வருகிறது. மீனைக் கெடாமல் காக்கவும் ஓட்டல் அறைகளைக் குளிரூட்டவும் இயந்திரங்கள் ஓட வேண்டும். சென்னையிலிருந்து கடலடியில் வரும் தொலைத்தொடர்புக் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது.

தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் டாலிகஞ்ச் பகுதியில்தான் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அதே டாலிகஞ்சிலும் அட்டம்பஹாடிலும் நம் நெய்வேலி நிறுவனம் மொத்தம் 20 மெகாவாட் சூரிய மின் நிலையங்களை, மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரிகளுடன் அமைத்தது. பயிற்சிக்கும் வேலைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. பாதைதான் வேண்டும்.

எங்கே இடைவெளி?

ஐ.டி.ஐ. பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது. அதனால் சான்றிதழுக்கு எந்த மாநிலத்திலும் மதிப்புண்டு. இது பெரும் நன்மை. ஆனால் கடற்கரையின் தேவை தனி. மேஜை மேல் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்கப் பழகியவன், உப்புக்காற்றில் அரித்த படகின் அடியில் மல்லாந்து படுத்து அதே வேலையைச் செய்யத் திணறுவான். அது அவன் குற்றமன்று. அந்தப் படகை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

ஜெர்மனியில் தொழில் பயிலும் இளைஞன் வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிற்சாலையிலும், மற்ற நாட்களில் பள்ளியிலும் கற்கிறான். அங்கே பாடம் வகுப்பதிலும் தேர்வு நடத்துவதிலும் தொழிலதிபர்களுக்குப் பங்கு உண்டு. 1969இலேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் இதை ஒட்டிய இரட்டைப் பயிற்சி முறை 2016இல் தொடங்கப்பட்டது.

சட்டம் இருக்கிறது

இதற்கும் முன்பே, 1961இல், நம் நாட்டில் தொழிற் பழகுநர் சட்டம் வந்தது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் கட்டாயம் அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். நாலு பேர் வேலை செய்யும் சிறு பட்டறையும் விரும்பினால் எடுக்கலாம். 2016இல் வந்த திட்டப்படி, பழகுநரின் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. சிறு பட்டறைகள் நிறைந்த தீவுகளுக்கு இது ஏற்ற ஏற்பாடு.

"ஆள் இல்லை" என்று சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ஆள் தேடும் முதலாளி, உள்ளூர்ப் பையன் ஒருவனை ஓராண்டு பழக்கினால் அந்தத் தேடல் வேண்டியிராது. பயிற்சி நிலையங்களும் படகுத்துறை, மின்துறை, ஓட்டல் உரிமையாளர்களை ஆண்டுக்கொரு முறையாவது அழைத்து, என்ன கற்பிக்க வேண்டும் என்று கேட்பது நல்லது.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த பிரிவு என்பதற்காக அதிலேயே பிள்ளையைச் சேர்க்கலாகாது. எந்த வேலைக்கு இங்கே ஆள் தேவை, படிப்புக்குப் பின் அப்ரண்டிஸாக யார் எடுப்பார்கள் என்ற இரண்டையும் விசாரித்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். சான்றிதழ் பெட்டியில் இருந்து பயனில்லை. கையில் தொழில் இருந்தால்தான் பிள்ளை பிழைப்புக்காக மறுபடியும் கப்பலேற வேண்டியிராது.