நியூட்ரலில் இறங்கும் லாரி

பெங்களூரிலிருந்து நாமக்கல்லுக்குத் திரும்பும் லாரி தொப்பூர் கணவாயில் இறங்கினால்தான் சேலத்துச் சமவெளி. அந்த இறக்கத்திலேயே வளைவும் உண்டு. இரட்டைப் பாலம் என்றால் போதும், இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அங்கே நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் கேட்டால் ‘நியூட்ரல்’ என்பார்கள். டீசல் மிச்சமாகும் என்று கியரை எடுத்துவிட்டு வண்டியை உருட்டுவது பழைய வழக்கம். கியரில் இருந்தால் என்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் பாரம் முழுக்க பிரேக்கின் தலையில். 40 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். ஒரு கல்யாண அண்டா! அந்தச் சூடு பிரேக் டிரம்முக்குள் ஏறினால் லைனிங் பிடிப்பை இழக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

ஆனால் ஓட்டுநரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையை நான்குவழியாக்கியபோது வாழப்பாடி, ஆத்தூர் போன்ற ஊர்களின் புறவழிகளை இருவழியாகவே விட்டார்கள். நடுத்தடுப்பை நம்பி வேகமாக வந்தவருக்கு எதிரே திடீரென்று விளக்கு. நேருக்கு நேர் மோதல்களுக்கு அந்தப் புறவழிகள் பெயர் எடுத்தன.

விபத்தைத் தடுக்க முடியாவிட்டாலும், நடந்த விபத்தையாவது சாலையே கண்டுபிடிக்குமா? தாருக்கு அடியில் கம்பிச் சுருளைப் புதைத்தால், மேலே வண்டி வரும்போது அதன் மின்தூண்டல் மாறும். அதை வைத்து வண்டிகளின் நெருக்கத்தை அளக்கலாம். அமெரிக்காவில் உருவான ‘கலிபோர்னியா முறை’ இரண்டு சுருள்களை ஒப்பிடுகிறது. பின்னால் நெரிசல், முன்னால் காலி என்றால் இடையில் ஏதோ அடைத்திருக்கிறது.

இங்கேதான் சாலை ஏமாற்றுகிறது. நான்குவழி இருவழியாகச் சுருங்கும் இடத்தில் விபத்தே இல்லாமல் வண்டிகள் தேங்கும். கருவி வீணாகக் கூச்சலிடும். ஏற்றத்தில் ஊர்ந்து ஏறும் லாரிகளும் அப்படியே. நள்ளிரவில் நேர்மாறு: வண்டிகளே குறைவு, தேங்க ஆளில்லை, லாரி கவிழ்ந்து கிடந்தாலும் சுருளுக்குச் செய்தி எட்டாது. கேமரா வைக்கலாம்தான். ஆனால் நேர்சாலையில் ஒரு கம்பம் பார்க்கும் தூரத்தை, மலை மறைக்கும் வளைவில் பார்க்கப் பல கம்பங்கள் வேண்டும்.

அதனால் இரவு இரண்டு மணிக்கு முதலில் பார்ப்பவர், பெரும்பாலும் பின்னால் வரும் இன்னொரு லாரிக்காரர். நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைக்கிறார். “எந்த இடம்?” என்று கேட்கிறார்கள். அவர் டார்ச்சோடு கிலோமீட்டர் கல்லைத் தேடி நடக்கிறார்.